தேக்குக் கதவில் வலது காது

கதவுக்குக் காது முளைத்திருந்தது.

முந்தின நாள் காலை வார்னிஷ் அடித்த தேக்குக் கதவு. பூச்சு காய்வதற்குள் யாருடையதோ ஒரு வலது காது அதன்மேல் அழுத்தப்பட்டிருந்தது. இப்போது வார்னிஷ் இறுகிவிட்டதால் காதின் அச்சு அங்கேயே தங்கிவிட்டது.

துப்பறிவாளர் ஸ்ரீதேவி குனிந்து பார்த்தாள். "எப்படி இருக்கு பாச்சு?"

"நன்னா இருக்கு மேடம். ஒரு கம்மல் மாட்டிட்டா லட்சணமா இருக்கும்."

பாச்சு ஐம்பதைத் தாண்டியவர். மைசூர் அரண்மனையில் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தார். ஒரே நகைச்சுவைகளை வருடக்கணக்காகச் சொல்லி அலுத்துப்போய், ஸ்ரீதேவியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஸ்ரீதேவி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைத் தோண்டிக்கொண்டிருந்தவள். எதைக் கேட்டாலும் சிரிக்காமல் இருக்கும் பயிற்சி அங்கே கிடைத்தது. கூட்டணி நிலைத்ததற்கு அதுவே காரணம்.

வீடு மைசூர் விஜயநகரில். கதவுக்குப் பின்னால் இருப்பது நாகலக்ஷ்மி மாமியின் படுக்கையறை. மதியம் படுக்கும்போது மாமி வைரத்தோட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் வைப்பது வழக்கம். கனம் காதை இழுக்கும். நேற்று எழுந்து பார்த்தபோது கிண்ணம் மட்டும் இருந்தது.

"மைசூர்ல கைரேகை கேஸ் எத்தனையோ பாத்தாச்சு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் லிங்கப்பன். தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்க்காரர், தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். "காதுரேகை கேஸ் இதான் எனக்கு மொதல். நோடி மேடம், பாருங்க."

அவர் போனில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று கதவு. இன்னொன்று உதயகுமார் என்கிற ஏ.சி. மெக்கானிக்கின் வலது காது, கை நீட்டும் தூரத்திலிருந்து எடுத்தது. திருட்டு நடந்த நேரத்தில் அவன் மாடியில் ஏ.சி. சர்வீஸ் செய்துகொண்டிருந்தான். சாயங்காலமே பிடித்துவிட்டார்கள்.

ஸ்ரீதேவி ஒப்பிட்டுப் பார்த்தாள். மனிதக் காதில் மேடும் பள்ளமும் ஏராளம். அதனால்தான் ஒருவர் காது மாதிரி இன்னொருவருக்கு இருப்பதில்லை. வெளி விளிம்பு உள்ளே மடியும் இடத்தில் கடுகளவு ஒரு புடைப்பு, இரண்டு படத்திலும் இருந்தது. அதற்கு உள்ளே இரண்டாகப் பிரியும் குருத்தெலும்பு மேடு, அதுவும் இருந்தது. துவாரத்துக்கு முன்னால் வாட்ச்மேன் மாதிரி நிற்கும் சின்ன முனை, கன்னத்தோடு ஒட்டாமல் தொங்கும் சோணை, எல்லாம் அப்படியே ஒத்துப்போயின.

"பாச்சு, அந்த ஜன்னல் கண்ணாடியில காதை வச்சு வெளிய என்ன கேக்குதுன்னு சொல்லுங்க."

பாச்சு வைத்தார். "பக்கத்தாத்துல மிக்சி ஓடறது. தேங்காய்ச் சட்னி. காரம் கொஞ்சம் தூக்கல்."

"எடுங்க."

எடுத்தார். கண்ணாடியில் காது மட்டும் இல்லை. கன்னம் இருந்தது, கிருதா இருந்தது, தலையெண்ணெய் ஒரு வளைவாக இருந்தது. கிட்டத்தட்டப் பாதி பாச்சு அங்கே இருந்தார்.

ஸ்ரீதேவி மறுபடி கதவைப் பார்த்தாள். கதவில் கன்னம் இல்லை. ஒரு முடிகூட ஒட்டியிருக்கவில்லை.

"திருடன் பிசியா இருந்திருப்பான் மேடம். காதை மட்டும் அனுப்பிச்சிருக்கான்," என்றார் பாச்சு.

லிங்கப்பன் சிரிக்கவில்லை. ஸ்ரீதேவியும்தான்.

மாமியின் மகன் வினய் வந்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். கதவில் இருந்த காதை முதலில் பார்த்தவனும், போலீசைக் கூப்பிட்டவனும் அவன்தான்.

"இதுல என்ன மேடம் சந்தேகம்? பாலிஷ்காரர் சாப்பிடப் போயிட்டார். அம்மா தூங்கிண்டிருந்தா. மாடியில ஏ.சி. பாத்துண்டிருந்த அவன் ஒருத்தன்தான் வெளியாள்."

"எப்பவும் அவன்தான் வருவானா?"

"கோடையில வந்தான், நன்னா பண்ணினான். அதான் இந்தத் தடவையும் பேர் சொல்லிக் கேட்டு வரவழைச்சேன். நம்பினதுக்குப் பலன்."

"தோடு கிடைச்சுதா?"

"அதை எங்க வச்சிருக்கான்னு சொல்லமாட்டேங்கறானே," என்றார் லிங்கப்பன்.

*

வெளியே காரில் வடிவு உட்கார்ந்திருந்தாள். உதயகுமாரின் அக்கா. ஊர் ஹனூர் பக்கத்து மார்டள்ளி, இங்கே ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை. காலையில் கடைகள் திறப்பதற்கு முன்பே தம்பிக்காக வந்து ஸ்ரீதேவியின் ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டவள் அவள்தான்.

கார் ஸ்டேஷனை நோக்கிக் கிளம்பியது.

"என்ற தம்பி அந்த மாதிரி செய்யறவனில்லீங்க."

"எல்லா அக்காவும் இதைத்தானேம்மா சொல்லுவா," என்றார் பாச்சு.

"அது அப்படிப்பட்ட காதில்லீங்க."

பாச்சு முன்சீட்டிலிருந்து திரும்பினார். "காதுலயும் நல்லது கெட்டது இருக்கா?"

வடிவு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "அவனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கறனுங்க. இதுக்குமேல என்னைக் கேக்காதீங்க."

ஸ்ரீதேவி கேட்கவில்லை. வேறு விஷயம் கேட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹனூரில் உதயகுமாருக்கு நிச்சயதார்த்தம். பெண் ரூபா, வடிவுக்கு அடுத்த தையல் மெஷினில் உட்காருகிறவள். வடிவு மூலமாகத்தான் பழக்கம். கைதான செய்தி இன்னும் பெண் வீட்டுக்குப் போகவில்லை. மத்தியானத்துக்குள் போய்விடும்.

*

உதயகுமார் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். முடி காதுவரை வளர்ந்திருந்தது. அதற்கும் மேல் ஒரு தொப்பி. ஸ்ரீதேவி அவனுக்கு வலது பக்கம் போய் நின்றாள்.

"உதயகுமார், உன் அக்கா அனுப்பினாங்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, டீ சாப்பிடறயா?" என்று இடது பக்கத்திலிருந்து பாச்சு முணுமுணுத்தார்.

"வேண்டாங்க," என்றான் உடனே.

ஸ்ரீதேவி சுற்றி வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். "தோடு எடுத்தியா?"

"இல்லீங்க மேடம்."

"கதவுல காது வச்சியா?"

"இல்லீங்க."

"ரூபாகிட்ட யாராவது சொன்னாங்களா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் அவன் கழுத்து சிவந்தது. இடது காது நுனிவரை சிவந்து போயிற்று. வலது காது வெளிர் பழுப்பாக, இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் இருந்தது.

ஸ்ரீதேவி அதையே பார்த்தாள். பிறகு எழுந்து லிங்கப்பனிடம் போய், "சார், எனக்காகக் கொஞ்ச நேரம் வெளிய ஒரு காபி சாப்பிட முடியுமா?" என்றாள். அவர் போனார்.

"உதயகுமார், எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீயே காட்டினா நல்லது."

அவன் ஒருமுறை வாசலைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். கையை வலது பக்கம் கொண்டுபோனான். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. காது கையோடு வந்துவிட்டது.

அந்த இடத்தில் பட்டாணியளவு ஒரு சதை முடிச்சு இருந்தது. பக்கத்தில் எலும்பில் பதித்த இரண்டு காந்தக் குமிழ்கள் இருந்தன. துவாரம் இல்லை.

"பொறந்ததுல இருந்தே இப்படித்தானுங்க. இந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்காதுங்க. இது சிலிக்கான். இடது காதை அச்செடுத்து, கண்ணாடியில தெரியற மாதிரி மாத்திச் செஞ்சாங்க."

பாச்சு குனிந்து அவன் கையில் இருந்த காதைப் பார்த்தார். "கேக்கற காது ஒண்ணு சும்மா இருக்கறச்சே, கேக்காத காதை எவனாவது கதவுல வச்சு ஒட்டுக் கேப்பானா?"

"இதை லிங்கப்பன்கிட்ட காட்டினா இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள் ஸ்ரீதேவி.

"வேண்டாங்க. ரூபாவுக்கு இது தெரியாதுங்க." அவன் காதை உள்ளங்கையில் மூடிக்கொண்டான். "மார்டள்ளியில எனக்குப் பேரு ஒத்தக்காதனுங்க. பள்ளிக்கூடத்துல வாத்தியாரே அப்படித்தான் கூப்பிடுவாரு. உதயகுமார்னு ஒரு பேரு இருக்கறதே இந்த ஊருக்கு வந்தப்புறந்தான் வெளிய தெரிஞ்சுது."

"அதுக்காகத் திருடன்னு பேர் வாங்கிப்பியா?"

"திருடன்னு சொன்னா அது பொய்யுங்க. என்னைக்காவது தெரிஞ்சுபோயிரும். இது பொய்யில்லீங்களே."

ஸ்ரீதேவி அவன் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். "சரி. உன் காதைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பாச்சுவும் பேசமாட்டார்."

"நானுமா?" என்றார் பாச்சு.

"ஒண்ணு மட்டும் சொல்லு. இதுக்கு முன்னாடி பழைய காது ஒண்ணு இருந்திருக்குமே?"

"இருந்துச்சுங்க. அதே அச்சுதான். நெறம் வெளுத்துப்போச்சுன்னு வெயில் வேலைக்கு மட்டும் மாட்டிக்குவேன். கோடையில அந்த வீட்டு மொட்டை மாடியில மெஷின் கழுவறப்போ வேர்வைக்குக் கழட்டி வச்சேன். யாரும் பாக்கலைன்னு நெனச்சேன். திரும்பினா காணோம். காக்கா தூக்கிட்டுப் போயிருச்சுன்னு விட்டுட்டேன்."

"வீட்டுக்காரங்களைக் கேக்கலையா?"

"என்னன்னு கேக்கறதுங்க? என்ற காதைப் பாத்தீங்களான்னா?"

*

விஜயநகர் வீட்டில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நாகலக்ஷ்மி மாமி தோடு போன துளைகள் தூர்ந்துவிடக் கூடாதென்று துளசிக் குச்சி செருகியிருந்தார்.

"வெள்ளிக்கிழமை நகைக்கடைக்கு எடுத்துண்டு போய் மெருகு போட்டு, பொண்ணுக்குக் குடுக்கறதா இருந்தேன்," என்றார். "அதுக்குள்ள இப்படி ஆய்டுத்து."

"அந்தப் பையன் ஒத்துண்டானா மேடம்?" என்று வினய் கேட்டான்.

"இல்லை. எனக்கு ஒரு சின்ன சந்தேகம்தான். அது தீர்ந்துட்டா நான் கிளம்பிடுவேன்." ஸ்ரீதேவி லிங்கப்பன் பக்கம் திரும்பினாள். "ஈர வார்னிஷ்ல காதை வச்சா, காதுலயும் வார்னிஷ் ஒட்டணும் இல்லையா சார்? நீங்க சாயங்காலம் எடுத்த போட்டோவுல ஒரு துளிகூட இல்லை."

லிங்கப்பன் போனை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"கழுவியிருப்பான்," என்றான் வினய்.

"சோப்புக்கு வார்னிஷ் போகாது."

"டர்பன்டைன் போட்டிருப்பான். பாலிஷ்காரரோட டின் பின்னாடி ரூம்லதான் இருக்கு."

"டர்பன்டைன் போட்டுத் தேய்ச்சா காது செவந்து எரியும். அதோட, காதுல எவ்வளவு மடிப்பு இருக்கு! அதுக்குள்ளே போனதை எப்படித் தேய்ச்சு எடுக்கறது? உங்களால முடியுமா பாச்சு?"

"எனக்குக் குளிக்கறச்சேயே அங்கெல்லாம் கை போறதில்லை மேடம்."

"அப்ப நடக்காத காரியம். உதயகுமாரை விட்டுடலாம்னு தோணுது சார்."

"ஏன் நடக்காது?" வினய்க்குப் பொறுமை போய்விட்டது. "தேய்க்கவே வேண்டாம். கழட்டி ஒரு ராத்திரி டர்பன்டைன்ல ஊறப்போட்டா தானா வந்துடப் போறது!"

லிங்கப்பன் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எதைக் கழட்டி?" என்று பாச்சு மரியாதையாகக் கேட்டார்.

வினய் வாயைத் திறந்தான்.

"நாங்க யாரும் காதைக் கழட்டறதைப் பத்திப் பேசலையே," என்றாள் ஸ்ரீதேவி. "எனக்குத் தெரிஞ்சவரைக்கும் காது கழண்டு வர்ற சாமான் இல்லை."

லிங்கப்பன் எழுந்தார். எதுவும் புரியாவிட்டாலும், எழ வேண்டிய நேரம் அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பின்னறையில் பாலிஷ்காரரின் டின்கள் வரிசையாக இருந்தன. பாச்சு சமையலறையிலிருந்து ஒரு கரண்டி வாங்கிவந்து ஒவ்வொன்றாகத் துழாவினார். மூன்றாவது டின்னில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. மெதுவாகத் தூக்கினார்.

கரண்டியில் காது வந்தது. மடிப்புகளில் மஞ்சள் வார்னிஷ் இன்னும் ஒட்டியிருந்தது. ஆனால் அது கதவில் இருந்ததைவிடப் பெரியதாக இருந்தது. சிலிக்கான் டர்பன்டைனைக் குடித்து ஊதிப்போயிருந்தது.

"ஒரே ராத்திரியில என்னமா வளர்ந்துடுத்து!" என்றார் பாச்சு.

லிங்கப்பன் காதைப் பார்த்தார், வினயைப் பார்த்தார், மறுபடியும் காதைப் பார்த்தார். "இது யாரோட காது?"

ஸ்ரீதேவி பதில் சொல்லவில்லை. வினய்தான் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். கோடையில் மொட்டை மாடிக்குப் போனவன் உதயகுமார் காதில்லாமல் வேலை செய்வதைப் பார்த்தான். கைப்பிடிச் சுவரில் இருந்த காதை எடுத்துக்கொண்டான். அப்போது வேடிக்கைக்குத்தான் எடுத்தானாம். தோட்டுக் கற்களை அவன் எப்போதோ விற்றுவிட்டுப் பொய்க்கற்கள் பதித்திருந்தான். அம்மா நகைக்கடைக்குப் போகப்போகிறாள் என்றதும், கடைக்காரர் கண்ணில் படுவதற்குள் தோடு தொலைந்தாக வேண்டியிருந்தது. அலமாரிக்குள் இருந்த காது நினைவுக்கு வந்தது. பாலிஷ்காரரையும் ஏ.சி.க்காரனையும் ஒரே நாளில் வரவழைத்தான்.

அவன் லேப்டாப் பையின் அடியிலிருந்து தோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். மாமி அதைத் தொடவில்லை.

"கல்லு போனா போறதுடா," என்றார் மாமி. "அந்தப் பையனோட காது ஒன் கையில கெடச்சிருக்கு. கொண்டுபோய்க் குடுக்கணும்னு தோணலையா ஒனக்கு?"

வினய் தலைகுனிந்து நின்றான். மாமி எழுந்து, வார்னிஷ் இறுகிய கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார்.

*

ஸ்டேஷன் வாசலில் வடிவும் ரூபாவும் நின்றிருந்தார்கள். ரூபா ஷிஃப்டைப் பாதியில் விட்டு வந்திருந்தாள், கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது.

லிங்கப்பன் உதயகுமாரிடம் வந்தார். "நீ போலாம்ப்பா. ஆனா டின்ல கெடச்ச அந்தக் காது, கேஸ்ல சாட்சிப் பொருள். கோர்ட்டுல காட்டணும். மறைக்க முடியாது." கொஞ்சம் யோசித்து, "மொதல்ல நீயே சொல்லிடு," என்றார். "பேப்பர்க்காரன் சொல்றதுக்கு முன்னாடி."

உதயகுமார் ஸ்ரீதேவியைப் பார்த்தான்.

"நான் ஒரு வார்த்தை பேசலை," என்றாள் அவள்.

"தெரியுமுங்க."

ரூபாவும் வடிவும் உள்ளே வந்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றினான். இரண்டே வாக்கியத்தில் சொன்னான். காதையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வடிவு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

ரூபா வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் பயமோ இரக்கமோ இல்லை. ஏதோ கணக்குப் போடுகிற முகமாக இருந்தது.

"அந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்காதா?"

"கேக்காது."

"அப்ப குக்கரஹள்ளி கெரேல தண்ணியோரமா உக்காந்து நான் பேசினதெல்லாம்? வழியில போறவங்க பாக்கக் கூடாதுன்னு எப்பவும் அந்தப் பக்கம்தானே உக்காருவேன்?"

"கொஞ்சம் கேட்டுச்சு. காத்து அடிக்காதப்ப."

"எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டினீங்களே!"

"நீ சிரிச்சா நானும் சிரிப்பேன். நீ நிறுத்தினா தலையாட்டுவேன்."

ரூபா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "ஹனூர் மாமாவை நிச்சயத்துக்குக் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னேன்."

"அவரை நேர்ல போய்க் கூப்பிட்டுட்டு வந்துட்டேன்."

"தெரியும். அதுக்குத்தானே உங்க மேல கோவமா இருந்தேன்."

"கோவமா இருந்தியா?"

பாச்சு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்ரீதேவி அவர் காலை மிதித்தாள்.

"கல்யாணத்துக்கு அப்பறம் எங்கம்மா நம்மகூடத்தான் இருக்கணும்னு கேட்டேன்," என்றாள் ரூபா. குரல் இறங்கியிருந்தது. "தலையாட்டினீங்க. நான் வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா அழுதுட்டாங்க. அதுவும் கேக்காமத்தான் ஆட்டினீங்களா?"

உதயகுமார் உண்மையையே சொன்னான். "அதுவும் கேக்கலை." பிறகு யோசித்தான். நன்றாக யோசித்தான். "ஆனா இப்பக் கேட்டுச்சு. இப்பவும் சரிதான்."

ரூபா மூக்கை உறிஞ்சினாள். கையை நீட்டி அவன் உள்ளங்கையில் இருந்த காதை எடுத்தாள். துணியின் தையலைச் சரிபார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்காங்க," என்று திருப்பிக் கொடுத்தாள். "மாட்டிக்கோங்க."

டிக் என்றது.

அவள் எழுந்து பெஞ்சைச் சுற்றிக்கொண்டு அவனுடைய இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். "ஹௌதா, அப்படின்னா ஆறு மாசம் வீணாப் போச்சு. முதல்லேர்ந்து சொல்றேன். கேளுங்க."

ஸ்ரீதேவி பாச்சுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ரூபா விரல்விட்டு எண்ணி எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாள். உதயகுமார் தலையாட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான்.